கையை நம்பலாமா? மூன்று பாத்திரத்தில் ஒரு சோதனை

ஐம்புலன்கள்தான் எல்லா அறிவுக்கும் அஸ்திவாரம் என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே வாதத்தில் இறங்காதீர்கள், அவரை அடுப்படிக்குக் கூட்டிப்போங்கள். ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இன்னொன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், நடுவில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையை ஐஸ் தண்ணீரிலும் ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லி, பிறகு இரண்டையும் சேர்த்து நடுப் பாத்திரத்தில் விடச் சொல்லுங்கள். ஒரு கைக்கு ஜில்லென்று இருக்கும், இன்னொன்றுக்கு வெதுவெதுப்பாக.

இதை வைத்து 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் சொன்னது: சூடு என்று நாம் உணர்வது தண்ணீரில் அப்படியே உட்கார்ந்திருக்கும் குணம் கிடையாது, நுண்துகள்களின் அசைவு நம் உடம்பில் உண்டாக்கும் விளைவு. 1713-ல் அயர்லாந்துத் தத்துவவாதி பெர்க்லி அதே தண்ணீரை எடுத்துக்கொண்டு, சூடு மனதில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கே போய்விட்டார். எனக்கு லாக் சொல்வதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் தோல் முன்பு எந்தச் சூட்டுக்குப் பழகியிருந்ததோ அதை ஒட்டித்தான் அடுத்ததை உணர்கிறது, அதற்காகத் தண்ணீரையே மனதுக்குள் கொண்டுபோக வேண்டியதில்லை.

அப்புறம் இரண்டு வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள்: "என் கைக்கு ஜில்லென்று இருக்கிறது", "தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது". முதலாவதை அசைப்பது கடினம், ஆனால் அதன்மேல் எதையும் கட்ட முடியாது, அது தண்ணீரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. இரண்டாவது தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது, அதனாலேயே தவறவும் செய்கிறது. போதாததற்கு, "ஜில்லென்று தோன்றுகிறது" என்று சொல்லவே ஜில்லென்று இருப்பது எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று 1956-ல் அமெரிக்கத் தத்துவவாதி செல்லர்ஸ் முதல் வாக்கியத்துக்கும் வேட்டு வைத்தார்.

நண்பர் விடமாட்டார், தெர்மாமீட்டர் கேட்பார். கொடுங்கள். அளவைப் படிப்பது எது என்று மட்டும் கேளுங்கள். கையைத் திருத்தக் கண்ணைக் கூப்பிடுகிறோம், கண் ஏமாந்தால் மறுபடி கையைத்தான் கூப்பிடுவோம். புலன்களை விட்டால் நமக்கு வேறு வழியில்லை, ஆனால் எந்த ஒரு புலனும் தனியாக அஸ்திவாரம் ஆவதில்லை, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டுதான் நிற்கின்றன.

பழங்கால இந்தியப் பொருள்முதல்வாதிகளான உலகாயதர், கண்கூடு ஒன்றையே அளவையாக, அதாவது அறிவைப் பெறும் வழியாக, ஏற்றார்கள். அந்தக் கொள்கையை எந்தக் கண்ணால் பார்த்தீர்கள் என்று எதிர்த் தரப்பு கேட்கும். பாத்திரங்களைக் கழுவும்போது இதையும் நண்பரிடம் கேட்டுவையுங்கள்.