உபுண்டு அப்கிரேடுக்குப் பிறகு லிப்ரே ஆபீஸ் பட்டன்கள் அசையவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பிலிருந்து 22.04-க்கு மாறியாயிற்று. லிப்ரே ஆபீஸில் ஆவணம் எழுதும் ரைட்டரில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து போல்டு பட்டனை அமுக்கினால், அது பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறது. உடனே நம்மில் பலர் லிப்ரே ஆபீஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவோம். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். பட்டன் அப்படியேதான் இருக்கும்.

டூல்பார் அமைப்பு, எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்த துணை நிரல்கள்), மற்ற செட்டிங்ஸ் எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல்+எச் அமுக்கினால் புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'லிப்ரேஆபீஸ்', அதற்குள் '4', அதற்குள் 'யூசர்'. பதிப்பு 7 ஆனாலும் 24.2 ஆனாலும் அந்த 4 மாறவில்லை. 2013-இல் வந்த 4.0 காலத்துப் பெயர் அது. மென்பொருளை நீக்கும்போது இந்த ஃபோல்டரை யாரும் தொடுவதில்லை. வீட்டை இடித்துக் கட்டிவிட்டு, கரையான் பிடித்த அதே பீரோவை உள்ளே வைத்த கதைதான்.

சரி, ஃபோல்டரையே அழித்துவிட்டால்? நான் அதைத்தான் செய்தேன். பட்டன்கள் வந்தன. ஆனால் சிவப்புக் கோடு விழுந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த சொந்த அகராதி, ஆட்டோடெக்ஸ்ட், டெம்ப்ளேட்டுகள் எல்லாம் சேர்ந்தே போய்விட்டன. லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு 'யூசர்' என்பதை 'யூசர்-பழையது' என்று பெயர் மாற்றியிருந்தாலே போதும். அடுத்த முறை திறக்கும்போது புதியது தானாக உருவாகும். பழையதிலிருந்து 'வேர்ட்புக்', 'ஆட்டோடெக்ஸ்ட்', 'டெம்ப்ளேட்' ஃபோல்டர்களை மட்டும் எடுத்துப் போட்டிருக்கலாம்.

அதைவிட நல்ல வழி, ஹெல்ப் மெனுவில் இருக்கும் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்'. 2017-இல் 5.3 பதிப்போடு வந்தது. மெனுவே திறக்கவில்லை என்றால் டெர்மினலில் லிப்ரேஆபீஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு சேஃப்-மோட் என்று சேர்த்தால் திறக்கும். அங்கே ஓடுவது தற்காலிகமான புது ப்ரொஃபைல், அதாவது உங்கள் 'யூசர்' ஃபோல்டருக்குப் பதிலாக ஒரு புதியது. அதில் பட்டன்கள் வேலை செய்தால் கோளாறு உங்கள் ப்ரொஃபைலில்தான். அப்போது முதலில் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திப் பாருங்கள். பிறகு ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை (திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி). அதற்கும் மசியாவிட்டால்தான் ரீசெட். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: ஒன்று செட்டிங்ஸையும் டூல்பார் மாற்றங்களையும் மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும், மற்றது முழு ப்ரொஃபைலையும் துடைத்துவிடும். அவசரத்தில் இரண்டையும் டிக் செய்தால் என் கதைதான் உங்களுக்கும்.

உண்மையில் இதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டிய பத்து வினாடிச் சோதனை ஒன்று உண்டு: கன்ட்ரோல்+பி. தமிழ் கீபோர்டில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு அமுக்குங்கள். எழுத்து தடித்தால் கட்டளை ஓடுகிறது, பட்டனுக்குத்தான் க்ளிக் போய்ச் சேரவில்லை. பட்டன்கள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தால் அது வேறு விஷயம். பெரும்பாலும் ஆவணம் 'ரீட் ஒன்லி'யாகத் திறந்திருக்கும். பாதியில் அணைந்த கணினி விட்டுச்சென்ற லாக் ஃபைல் (ஆவணம் திறந்திருக்கிறது என்று காட்டும் பூட்டுக் கோப்பு) ஒன்று அதே ஃபோல்டரில் மறைந்திருக்கலாம். வேறு யாரும் அந்த ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே அந்த லாக் ஃபைலை நீக்குங்கள்.

சேஃப் மோடிலும் அசையவில்லையா? ஹெல்ப் மெனுவின் 'அபவுட்' பெட்டியில் வி.சி.எல். என்ற வரியைப் பாருங்கள். ஜன்னல்களையும் பட்டன்களையும் எதை வைத்து வரைகிறது என்று அது சொல்லும். உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்பில் ஜி.டி.கே.3 என்று இருக்க வேண்டும். எக்ஸ்11 என்று மட்டும் இருந்து, தோற்றமும் பழங்காலத்து மென்பொருள் மாதிரி ஆகியிருந்தால், லிப்ரே ஆபீஸின் ஜி.டி.கே.3 பேக்கேஜ் விடுபட்டிருக்கிறது. அதை மட்டும் நிறுவினால் போதும். அதுவும் சரியாக இருந்தால், லாகின் திரையின் பல்சக்கரத்தில் 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். அங்கே பட்டன் அமுங்கினால், சிக்கல் லிப்ரே ஆபீஸும் வேலாண்டும் (எக்ஸார்குக்குப் பதிலாக வந்த புதிய திரைக் காட்சி அமைப்பு) சேருமிடத்தில் இருக்கிறது.