புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரண்ட் இல்லையா? வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடும்.” புயல் ஓய்ந்த சாயங்காலம் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என எங்கே போனாலும் வாசலில் நிற்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி, போன் சார்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, டேங்க் தண்ணீர் எல்லாவற்றையும் முதல் ராத்திரியே தீர்த்துவிடுகிறோம். மறுநாள் காலையில் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்களும் கம்பங்களும் விழுந்தன. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் இங்கே கரையைக் கடக்கவே இல்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கடந்தது. போகிற வழியில் கொட்டிய மழைக்கே புளியந்தோப்பும் வியாசர்பாடியும் பல நாள் தண்ணீரில் நின்றன. அதனால் பெரிய புயல் என்றால் மூன்று நாளுக்குக் கரண்ட் கிடையாது என்று முதல் மணி நேரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முன்னாடியே வந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

பக்கத்துத் தெருவில் விளக்கு எரிகிறதே!

அத்திப்பட்டில் அவ்வளவு பெரிய அனல் மின் நிலையம் இருக்கும்போது நமக்கு ஏன் இருட்டு என்று பலரும் கேட்கிறார்கள். புயல் நாளில் பெரும்பாலும் கோளாறு வருவது மின்சாரம் வீட்டுக்கு வந்து சேரும் பாதையில். துணை மின் நிலையம், அங்கிருந்து டிரான்ஸ்பார்மர், அப்புறம் பூமிக்கடியில் ஓடும் கேபிள், தெருமுனையில் நிற்கும் பில்லர் பெட்டி, கடைசியில் நம் வீட்டு மீட்டர். இதில் எங்கே தண்ணீர் ஏறினாலும் சப்ளை நிற்கும். பில்லர் பெட்டி முழுகினால் ஊழியர்களே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அது நம் உயிரைக் காப்பாற்றச் செய்வது.

சரிசெய்யும்போதும் மேலேயிருந்து கீழேதான் வர முடியும். எதிர்த் தெரு வேறு டிரான்ஸ்பார்மரில் இருந்தால் அங்கே முதலில் விளக்கு எரியும். இது தெரியாமல் லைன்மேனைச் சூழ்ந்துகொண்டு சண்டை போடுவது பெரிய தவறு. இரண்டு நாளாகத் தூங்காமல், ஈரத்தில் நின்று வேலை செய்கிற மனிதர் அவர். “அண்ணே, அந்த முனையில மரம் சாய்ஞ்சு கேபிள் மேல கிடக்கு” என்று இடத்தைக் காட்டினால் அவருக்கு அது உதவி. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் சொல்லும்போது மின் இணைப்பு எண் கேட்பார்கள். அதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் செத்துவிட்டால் அதிலிருக்கும் ரசீதும் கிடைக்காது.

பில்லர் பெட்டியைத் திறக்காதீர்கள்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் நாள் பொறுமை போய்விடும். தெருவில் கொஞ்சம் வேலை தெரிந்த ஒரு பையன் இருப்பான். “பீஸ்தான் போயிருக்கும், நான் போட்டுடறேன்” என்பான். சுற்றி நிற்பவர்களும் உற்சாகப்படுத்துவார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தக் கதவைத் திறப்பதை யாரும் அனுமதிக்கக் கூடாது. காய்ந்த கம்பால் தொட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் மழைநாளில் செல்லாது. ஈரம் ஏறிய மரத்தில் மின்சாரம் பாயும்.

அறுந்து கிடக்கும் வயரும் அப்படியே. தெரு முழுக்க இருட்டாக இருப்பதால் அதில் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். எந்த நிமிடமும் சப்ளை திரும்பலாம். முப்பது அடிக்குக் கிட்டே யாரையும் போகவிடாமல், இரண்டு பேர் நின்று பிள்ளைகளையும் வண்டிக்காரர்களையும் தடுத்தால் போதும். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் கையால் இழுக்கப் போகாதீர்கள். வீட்டுக்குள் என்றால் முதலில் மெயினை அணையுங்கள், அப்புறம் 108. தரையில் தண்ணீர் நின்று, மெயின் ஸ்விட்ச்சுக்குப் போக அதை மிதித்துத்தான் ஆகவேண்டும் என்றால் அங்கே போகவே போகாதீர்கள்.

ஜெனரேட்டரில் இரண்டு ஆபத்து. ஒன்று புகை. மழையில் நனையும் என்று மாடிப்படிக்கு அடியிலோ, இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சந்திலோ வைத்து ஓட்டுகிறார்கள். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் நம் பக்கத்தில் அந்தப் புகை நேராகப் படுக்கையறைக்குள் போகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளித் திறந்த வெளியில் வைக்க இடமில்லையென்றால் ஜெனரேட்டர் வேண்டாம். இன்னொன்று, அதன் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்க எரியவிடுவது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போய், கரண்ட் இல்லையென்று நம்பிக் கேபிளில் கைவைத்திருக்கும் லைன்மேனைக் கொல்லும். வெளி லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாத வீட்டில், தேவையான சாதனத்தை ஜெனரேட்டரிலேயே நேரடியாக மாட்டுங்கள்.

இன்வெர்ட்டர் கணக்கு

வழக்கமான 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 1,800 வாட்-அவர் இருக்க வேண்டும். வீணாவது போகக் கைக்குக் கிடைப்பது 1,200 போல என்று வையுங்கள். மூன்று ஃபேனும் டிவியும் சேர்ந்தால் 300 வாட்டைத் தாண்டும், நாலு மணி நேரத்தில் கதை முடிந்தது. ஒரே அறையில் எல்லோரும் படுத்து, 75 வாட் ஃபேன் ஒன்றும் 9 வாட் பல்பு இரண்டும் மட்டும் போட்டால் பன்னிரண்டு மணி நேரம் வரை ஓடும். மழைக்காலத்தில் ஃபேனே இல்லாமலும் சமாளிக்கலாம், கொசுவலை கட்டினால். பல்பும் போன் சார்ஜும் மட்டும் என்றால் அதே பேட்டரி இரண்டு, மூன்று ராத்திரி தாங்கும்.

போனில் வீடியோ பார்த்துப் பொழுது போக்குவது அடுத்த தவறு. டவர்களும் பேட்டரியில்தான் ஓடுகின்றன, சில மணி நேரத்தில் அவையும் விழும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறந்து குறுஞ்செய்தி அனுப்புங்கள். வீட்டில் நாலு போன் இருந்தால் ஒன்றை மட்டும் உயிரோடு வைத்தால் போதும். கையில் கொஞ்சம் ரொக்கம், அதுவும் பத்து இருபது ரூபாய் தாள்களாக இருக்கட்டும். வர்தா வந்தபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காசு இல்லாமல், கார்டும் வேலை செய்யாமல் ஜனங்கள் பட்ட பாட்டை இந்த ஊர் மறந்திருக்காது. இன்று பால்காரர் வரை கியூஆர் கோடுதான். நெட்வொர்க் விழுந்தால் அதே நிலைமைதான்.

அடி பம்பு தண்ணீர்

கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் மாடி டேங்க்கில் தண்ணீர் இல்லை. ஹவுசிங் போர்டு வீடுகளில் நாலாம் மாடிக்கு வயதானவர்கள் குடம் தூக்குவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். கீழ்வீட்டுப் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு தூக்கிக் கொடுங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்குக் குறைந்தது 20 லிட்டர் கேன் இரண்டு. கழிவறைக்கு அந்தத் தண்ணீரைச் செலவழிக்காமல், மொட்டை மாடிக் குழாயில் வரும் மழைநீரை டிரம்மில் பிடியுங்கள்.

வாசலில் இருக்கும் அடி பம்பு இந்தச் சமயத்தில் கைகொடுக்கும். ஆனால் அது மெட்ரோ வாட்டர் குழாயில் இணைந்தது. தெருவில் சாக்கடையோடு கலந்து தண்ணீர் நிற்கும்போது, விரிசல் விட்ட குழாய்க்குள் அது புகுந்துவிடும். தெளிவாகத் தெரிகிறது, நாற்றமில்லை என்று அப்படியே குடிப்பதால்தான் வெள்ளம் வடிந்தபின் வாந்தியும் பேதியும் வருகின்றன. கொப்புளம் விட்டுத் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடமாவது அடுப்பில் வையுங்கள். தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் தெருத்தண்ணீர் இறங்கியிருந்தால் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்யாமல் மேலே ஏற்றக் கூடாது.

எண்ணூர், எர்ணாவூர் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிக்ஜாம் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. அப்படி வாடை அடித்தால் மெழுகுவத்தி, அடுப்பு, கொசுவத்தி எதையும் பற்றவைக்காமல் வெளியேறுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜும் மருந்தும்

திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை தாங்கும். பாலும் மீனும் கறியும் முதல் நாளே சமைத்துவிட வேண்டியவை. மாவு புளித்தால் பரவாயில்லை. காசிமேட்டில் ஆசையாக வாங்கிய வஞ்சிரம் என்றாலும் நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் பயந்துபோய் அதை ஐஸ் கட்டி மேல் நேரடியாக வைக்கிறார்கள். உறைந்தால் அது கெட்டுவிடும். டிசம்பர் வெயிலுக்கு, பெரும்பாலான இன்சுலின் வகைகள் ஃபிரிட்ஜ் இல்லாமலே நாலு வாரம் போல இருக்கும். டப்பாவிலுள்ள தாளைப் பார்த்து, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நனையாமல் வைத்தால் போதும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரிலோ டயாலிசிஸிலோ இருப்பவர் விஷயம் வேறு. தண்ணீர் ஏறிய பிறகு கழுத்தளவில் தூக்கிக்கொண்டு ஓடாமல், எச்சரிக்கை வந்தவுடனே ஸ்டான்லி போன்ற மருத்துவமனையில் பேசி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கரண்ட் வந்தவுடன்

தெருவே கைதட்டும். அந்த நிமிடத்தில்தான் ஃபிரிட்ஜும் டிவியும் எரிந்துபோகின்றன. கேபிளில் நியூட்ரல் விட்டுப்போயிருந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வரலாம். கரண்ட் போன உடனே எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு பல்பின் ஸ்விட்ச்சை மட்டும் போட்டு வையுங்கள். அது அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தாலோ மங்கி மங்கி வந்தாலோ மெயினை அணைத்துவிட்டுப் புகார் சொல்லுங்கள். கால் மணி நேரம் சீராக எரிந்தால், முதலில் ஃபிரிட்ஜ், கொஞ்சம் பொறுத்து மற்றவை. தண்ணீரில் முழுகிய மோட்டாரையும் சுவிட்ச் போர்டையும் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தொடவே வேண்டாம்.