எலி கடித்த வயருக்கு இன்சுலேஷன் டேப் போதாது

ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் குலுங்குகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் மூடிமேல் எலிப் புழுக்கை, ஓரத்தில் பாதி தின்ற தேங்காய்ச் சில்லு. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் வயர் ஒன்று துண்டாகிக் கிடந்தது. இரண்டு முனையையும் சீவி, முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றினேன். வண்டி ஜம்மென்று ஓடியது. பத்து நிமிட வேலை என்று வீட்டில் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

தை மாதம் திண்டிவனம் தாண்டியதும் மிஸ்ஸிங், இன்ஜின் விட்டு விட்டு ஓடியது. ஓரங்கட்டி டேப்பைப் பிரித்தால், பசை இளகித் தார் மாதிரி விரலில் ஒட்டியது. உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருந்தது. லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

அந்த டேப் வீட்டு வயரிங்குக்கானது. இன்ஜின் சூட்டில் பசை இளகும், ஓரம் பிரியும், மழைத் தண்ணீர் உள்ளே போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் செம்பு இழைகளுக்குள் ஏறிக்கொண்டே போகும். அதனால் பழைய கடியைச் சரிசெய்யும்போது, பளபளவென்று செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். நீளம் பற்றாவிட்டால் நடுவில் ஒரு துண்டு வயர் சேர்த்து இரண்டு இணைப்பாகப் போடலாம். இருக்கிற வயரை இழுத்துப் பிடித்துக் கட்டினால் இன்ஜின் அதிர்வில் அறுந்துவிடும்.

அடுத்த தவறு, மல்டிமீட்டர் 'பீப்' என்றதும் வயர் நன்றாக இருக்கிறது என்று நம்புவது. இருபது இழையில் எலி பதினெட்டைக் கடித்துவிட்டு இரண்டை மிச்சம் வைத்தாலும் மீட்டர் கத்தும், ஏனென்றால் அது அனுப்பிப் பார்க்கும் மின்சாரம் அவ்வளவு கொஞ்சம். லோடு, அதாவது அந்த வயர் ஓட்டும் விளக்கோ மோட்டாரோ, ஓடும்போது அந்த வயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்த வயரில் கோளாறு. சிலர் வயரின் நடுவில் ஊசியைக் குத்திப் பார்ப்பார்கள். எலி போட்ட ஓட்டைகள் போதாதென்று நாமும் ஒன்று போட வேண்டுமா?

சரி, இணைப்பை எப்படிப் போடுவது? வயர் தடிமனுக்கு ஏற்ற கிரிம்ப் கனெக்டர் (இரு முனையையும் உள்ளே விட்டு நசுக்கும் சின்ன உலோகக் குழாய்), அதற்கான கிரிம்பிங் டூல், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டினால் ஸ்லீவ் சுருங்கி, பசை ஓரத்தில் கசிந்து தண்ணீரை அடைத்துவிடும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. ஈயம் உருக்கி வைப்பது (சால்டரிங்) கூடாது என்றில்லை. ஆனால் ஈயம் ஏறிய இடம் விறைப்பாகிவிடும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு வயரை முறிக்கும். ஈயம் வைத்தால் இரு பக்கமும் தாங்கல் கொடுத்துக் கட்டுங்கள். ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துவிட்டு இணைக்கவும். இணைப்பை அருமையாகப் போட்டு முடித்து, மேஜைமேல் கிடக்கும் ஸ்லீவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர் யாருமில்லை.

நாலைந்து வயர் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் போடாதீர்கள், கட்டு புடைத்துக்கொள்ளும். கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளிப் போடவும். வெட்டும் முன் போட்டோ எடுங்கள், அழுக்கில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும்.

வீட்டில் மிச்சமிருக்கும் வயரை மாட்டுவதும் நடக்கிறது. சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி சூட்டுக்கானது. வண்டிக்கென்று விற்கும் வயரில் 105 டிகிரி தாங்கும் ரகம் உண்டு, பெட்ரோல், ஆயில் பட்டாலும் எளிதில் கெடாது. அதே தடிமனில் வாங்குங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. உரிந்த வயர் எங்கோ பாடியில் படுகிறது என்றுதான் அந்த ஃபியூஸ் சொல்கிறது.

சில வயர்களில் கைவைக்கும் முன் யோசிக்க வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கி ஓடும் ஜோடி வயர் பெரும்பாலும் கேன் லைன், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வழி. இணைத்த பிறகு முறுக்கை அப்படியே திரும்பக் கொடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் இன்னும் அறுந்திருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் வயரில் ஈயம் வேண்டாம், பல சென்சார்கள் அந்த வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன, ஈயம் அதை அடைத்துவிடும். மஞ்சள் கனெக்டர் உள்ளது ஏர்பேக் வயர், அதை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன்பே செய்யும் தவறு ஒன்று உண்டு: கண்ணில் பட்ட ஒரு கடியைச் சரிசெய்துவிட்டு மூடிவிடுவது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு முழுதும் தேடுங்கள். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கூட்டை ஈரப்படுத்திவிட்டு அள்ளவும். பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், வேக்யூம் பைப், ஏசி ஃபில்டர் எல்லாவற்றையும் பாருங்கள். பெட்ரோல் ஹோஸில் பல் தடம் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்சூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றால் வேலைக்கு முன்பே படம் எடுத்துத் தகவல் சொல்லுங்கள். எலிக்கடியை ஏற்பதா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், எல்லாம் சரிசெய்த பிறகு சர்வேயர் வந்து எதைப் பார்ப்பார்?

அப்புறம் எலி திரும்பி வராமல் இருக்க. எலிப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். ஹோண்டா மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் விற்கிறது, புது இணைப்புகள்மேல் அந்த மாதிரி டேப் சுற்றலாம். பாச்சை உருண்டை வாசனை பறக்கும்வரைதான். காய்ந்த புகையிலையை எக்ஸாஸ்ட் பக்கத்தில் செருகாதீர்கள், தீப்பிடிக்கும். எலி மருந்தை மட்டும் பானெட்டுக்குள் வைக்க வேண்டாம். தின்ற எலி ஏசி புளோயருக்குள் போய்ச் செத்தால், டேஷ்போர்டைக் கழற்றும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.