ரிசீவரை மாற்றலாமா? முதலில் இதைப் பாருங்கள்

ஹோம் தியேட்டர் ரிசீவரை, அதாவது டிவி, கன்சோல் ஒலியை வாங்கிப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குப் பவர் கொடுக்கும் பெட்டியை, மாற்றும் யோசனை வந்தால், இப்போது இருப்பதில் எது போதவில்லை என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "வாங்கி ரொம்ப வருஷம் ஆச்சு" என்பது காரணமே இல்லை. புதியதில் 80 வாட்டுக்குப் பதில் 100 வாட் என்பதும் காரணமில்லை, அந்த வித்தியாசம் 1 டெசிபல்கூட வராது.

எனக்கு இருந்த குறை, வசனம் தெளிவாகக் கேட்கவில்லை என்பது. ரிசீவர் பழசாகிவிட்டது என்றே நம்பி விலைகூட விசாரித்துவிட்டேன். ஒருநாள் ரிசீவரின் முகப்பைக் கவனித்தால், ஓடிடி படம் ஓடும்போதும் 'பிசிஎம்' என்றே காட்டுகிறது. டிவியின் ஆடியோ செட்டிங் பிசிஎம்மிலேயே கிடந்திருக்கிறது, வந்ததெல்லாம் வெறும் இரண்டு சேனல் ஸ்டீரியோ. வரும் ஒலியை டிவி தொடாமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூவுக்கு மாற்றியதும், பல சேனல் ஒலியான 'டால்பி டிஜிட்டல் ப்ளஸ்' என்று வந்தது. அப்புறம் அலமாரிக்குள் பதுங்கியிருந்த சென்டர் ஸ்பீக்கரை விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து முகத்தை நோக்கி நிமிர்த்தினேன். வசனம் சரியாகிவிட்டது, செலவு ஒன்றுமில்லை.

கேம் கன்சோலுக்காக ஹெச்டிஎம்ஐ 2.1 இணைப்புள்ள புது ரிசீவர் வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேம் வரை பழைய 2.0 போதும், 120 வேண்டுமென்றால்தான் 2.1. அப்போதும் கன்சோலை நேராக டிவியில் செருகிவிட்டு ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்பலாம். டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வசதி ஆர்க், அதன் புதிய வடிவம் ஈ-ஆர்க். டிவி, ரிசீவர் இரண்டிலும் ஈ-ஆர்க் இருந்தால் ப்ளூ-ரேயின் டால்பி ட்ரூஹெச்டி ஒலிகூடக் குறையாமல் வரும். சாதா ஆர்க்கில் அது வராது, ஆனால் ஓடிடி தரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ஸில் வருவதால் அதற்கு ஆர்க்கே போதும்.

சரி, எப்போது மாற்றத்தான் வேண்டும்? அட்மாஸ் ஆசை நிஜமாக இருந்தால். வீட்டு ரிசீவர்களில் அட்மாஸ் வந்தது 2014-இல், அதற்கு முந்தையதில் வழியில்லை. 5.1.2-க்கு (சுற்றி ஐந்து ஸ்பீக்கர், சொந்த ஆம்ப் உள்ள ஒரு சப்வூஃபர், மேலே இரண்டு ஸ்பீக்கர்) ஏழு ஆம்ப் சேனல், மேலே நான்கு உள்ள 5.1.4-க்கு ஒன்பது. ஆனால் நம் வீடுகளில் கான்கிரீட் கூரை. மேலே ஸ்பீக்கர் மாட்ட ஒயர் எப்படிப் போகும் என்று முடிவு செய்யாமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

இன்னொரு நல்ல காரணம், மைக்கால் அறையை அளந்து ஒலியைத் திருத்தும் ரூம் கரெக்‌ஷன். டிராக் லைவ், ஆடிஸியின் எக்ஸ்டி32 போன்றவை சப்வூஃபரின் கும்மென்ற இரைச்சலை நன்றாகவே அடக்கும். டைல்ஸ் தரையின் எதிரொலியை அவற்றால் போக்க முடியாது, அதற்குக் கனமான திரையும் விரிப்பும்தான்.

ரிசீவருக்குப் பதில், ஒலியைப் பிரிக்க மட்டும் செய்யும் தனி ப்ராசசர் வாங்கலாமா என்றால், அதில் ஆம்ப் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். பெரிய அறை, பவர் அதிகம் கேட்கும் ஸ்பீக்கர் என்றாலும் அவசரம் வேண்டாம். ரிசீவரின் பின்னால், வெளி ஆம்ப் இணைக்கும் ப்ரீ-அவுட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முன் மூன்று ஸ்பீக்கருக்கும் ஒரு ஆம்ப் சேர்த்து, சில மாதம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.