ஆடு மாட்டை வண்டியில் ஏற்றும் முன்: நோய்த்தடுப்புக் காகிதங்களை முதல் முறை தயார் செய்பவர்களுக்கு

மாடு வாங்கப் போகிறவர்கள் மடியைப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். காகிதத்தைக் கடைசியில்தான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் முறை எட்டு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனபோது சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஓர் ஆட்டின் காதில் 3 என்று இருந்த இலக்கம் சான்றிதழில் 8 ஆகியிருந்தது. அந்த ஓர் ஆட்டுக்காக எட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தேன். அப்புறம் யோசித்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். டாக்டர் பார்த்து நலம் என்று எழுதிய ஆடும் வண்டியில் நிற்கிற ஆடும் ஒன்றுதான் என்பதற்கு அந்த எண்ணை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இந்தக் காகிதங்கள் எல்லாமே ஒரே கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக வந்தவை: இந்தக் கால்நடை எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில், எவற்றோடு சேர்ந்து நின்றது? நோய் கிளம்பிய பிறகு இதைத் தேட உட்கார்ந்தால் நேரம் போய்விடும். கோமாரி பிடித்த மாடு வாயில் எச்சில் ஒழுகுவதற்கு முன்பே கிருமியை வெளியே விட ஆரம்பித்துவிடும். 2001இல் பிரிட்டனில் நடந்தது இதுதான். பிப்ரவரி 20 அன்று கோமாரி உறுதியானது, 23ஆம் தேதி நடமாட்டத் தடை வந்தது. ஆனால் அதற்குள் சந்தை சந்தையாகக் கைமாறிய செம்மறிகள் பல பகுதிகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. செம்மறியில் கோமாரி பெரும்பாலும் லேசாகத்தான் தெரியும், சாதாரணக் கண்ணுக்குப் படாது. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

சரி, வேலைக்கு வருவோம். விதிகள் நாட்டுக்கு நாடு, நோய்க்கு நோய் மாறும். ஆனால் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்

பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கு நேரில் போங்கள். நான் போகும் ஊருக்கு இப்போது தடை ஏதும் இருக்கிறதா? எந்தெந்த நோய்க்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும்? ரத்தப் பரிசோதனை உண்டா, முடிவு வர எத்தனை நாள் ஆகும்? சான்றிதழ் எத்தனை நாள் செல்லும்? இந்த நான்கையும் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் இப்படித்தான் போனோம் என்று தரகர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். எங்கோ ஓர் ஊரில் நோய் உறுதியானால் விதி ஒரே இரவில் மாறும்.

படி 2: இடத்துக்கும் ஓர் எண்

பல நாடுகளில் கால்நடை நிற்கிற இடத்தையே பதிவு செய்ய வேண்டும். இரண்டு ஆடு வைத்திருந்தாலும் சரி, இருநூறு வைத்திருந்தாலும் சரி. நோய் வந்தால் சுற்றுவட்டாரத்தில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று அதிகாரிகள் வரைபடத்தில் பார்ப்பது இந்தப் பதிவை வைத்துத்தான். பதிவில் இல்லாத கொட்டிலுக்கு எச்சரிக்கையும் வராது, தடுப்பூசிக் குழுவும் வராது. பெரும்பாலும் ஒரு முறை செய்தால் போதும். கொட்டிலை மாற்றினால் மட்டும் திரும்பப் போக வேண்டும்.

படி 3: காதுவில்லை

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், என்னைப் போல.

காதுவில்லையின், அதாவது காதில் மாட்டியிருக்கும் எண் பொறித்த வில்லையின், எண்ணை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஆட்டைப் பிடித்து நிறுத்தி, ஈரத்துணியால் வில்லையைத் துடைத்து, வெளிச்சத்தில் படியுங்கள். காய்ந்த சாணி ஒட்டிய 3, 8 போலவே இருக்கும். 1, 7 கூட அப்படித்தான். ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, எழுதியவர் திரும்ப வாசிக்க வேண்டும். செல்பேசியில் வில்லையைப் படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. தோலுக்கடியில் சிப் வைத்த கால்நடை என்றால் கருவி 15 இலக்க எண்ணைக் காட்டும். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ சிப் தயாரித்தவரையோ குறிக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள், முன்னால் உள்ள இலக்கங்களை வெட்டாதீர்கள்.

வில்லை அறுந்து விழுந்தால் புதியது போட்டு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். செத்த ஆட்டின் வில்லையை இன்னொன்றுக்கு மாட்டுவது சிக்கனம் இல்லை, மோசடி. அந்த எண்ணுக்குரிய தடுப்பூசி, பரிசோதனை எல்லாம் தவறான உடம்பில் ஏறிவிடும்.

படி 4: பதிவேடு

அலுவலகம் ஏதாவது படிவம் கொடுத்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கோடு போட்ட கெட்டி நோட்டு போதும். என் நோட்டில் ஒரு வரவு இப்படி இருக்கும்:

"மார்ச் 4. வரவு. கிடேரி 1, காது எண் முழுதாக. விற்றவர் பெயர், அவருடைய இடத்தின் பதிவு எண். வந்த வண்டி எண். கூட வந்த காகிதம்: உடல்நலச் சான்று, தடுப்பூசி அட்டை. தனிக்கொட்டிலில் கட்டப்பட்டது. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது."

பிறப்பு, இறப்பு, விற்பனை, மேய்ச்சலுக்கு வேறு இடம் போனது, பொலிகாளைக்கு ஓட்டிப் போனது எல்லாம் ஏற வேண்டும். கடைசி இரண்டைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. சாயங்காலம் திரும்பி வந்துவிட்டதே, அது ஒரு பயணமா என்று தோன்றும். கிருமிக்கு அந்த ஒரு பொழுது போதும். அன்றன்றே எழுதுங்கள், வாரக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதிய ஏழு நாளை எந்த ஆய்வாளரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். தவறாக எழுதினால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

படி 5: தடுப்பூசி அட்டை

போட்டாச்சு என்று எழுதினால் போதாது. எந்த நோய்க்கு, மருந்தின் பெயர், குப்பியில் இருக்கும் தொகுதி எண் (பேட்ச் எண்), காலாவதித் தேதி, போட்ட தேதி, போட்டவர் கையொப்பம், எல்லாம் வேண்டும். மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளைக் கிழித்து அட்டையில் ஒட்டுவது எளிய வழி. ஊசி போட்ட மறுநாளே வண்டி ஏற்ற முடியாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற நாள் பிடிக்கும். அதனால்தான் இத்தனை நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும் என்று விதியில் இருக்கும். தேதியைப் பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள்.

புருசெல்லா விஷயத்தில் இந்த அட்டை கால்நடையின் உயிரையே காப்பாற்றலாம். கருச்சிதைவை உண்டாக்கும் அந்த நோய்க்கு எஸ்19 என்ற தடுப்பூசியைக் கிடேரிக் கன்றுகளுக்குச் சிறு வயதிலேயே போடுவார்கள். வயது தாண்டிப் போட்டால், பின்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனை நோய் இருப்பது போலக் காட்டக்கூடும். எந்த வயதில், எந்தத் தேதியில் போட்டது என்ற காகிதம் கையில் இருந்தால், ஊசியின் அடையாளமா நோயின் அடையாளமா என்று மேற்கொண்டு விசாரிக்க ஓர் இடம் கிடைக்கும்.

படி 6: உடல்நலச் சான்று

இதை மருத்துவர் கால்நடையை நேரில் பார்த்துத்தான் தர வேண்டும். எண்ணை மட்டும் சொல்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். இந்தச் சான்று குறைந்த நாட்களே செல்லும், அதனால் பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு, பயணத்துக்கு முந்தைய சில நாட்களில் வாங்குங்கள்.

சில சான்றுகளில் கால்நடை இத்தனை நாளாக இதே இடத்தில் இருந்தது, அந்த நாட்களில் இங்கே நோய் இல்லை என்று எழுத வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு நோயின் அடைகாலத்திலிருந்து வருகிறது, அதாவது கிருமி நுழைந்து அடையாளம் தெரியும் வரை ஆகும் காலம். உலக விலங்கு நல அமைப்பின் விதித்தொகுப்பு கோமாரிக்கு 14 நாள், ஆட்டுக்கொல்லி நோய்க்கு 21 நாள், தோல் கழலை நோய்க்கு 28 நாள் என்று எடுத்துக்கொள்கிறது. போன வாரம் வாங்கிய மாட்டை இந்த வாரம் விற்க முடியாமல் போவது இதனால்தான். அந்த அமைப்பு பிறந்த கதையும் ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு, மாடுகளைக் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயும் இறங்கியது. 1924இல் 28 நாடுகள் கூடி அந்த அமைப்பை உருவாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படித்துவிடுங்கள்: எண்ணிக்கை, இனம், பால், ஒவ்வொரு காது எண், போகும் முகவரி, முத்திரை. வீட்டுக்கு வந்து படித்தால் மறுபடி அலைய வேண்டும்.

படி 7: வண்டியில்

நகர்வு அனுமதிச் சீட்டின் அசலை ஓட்டுநரிடம் கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். வண்டி எண் மாறினால் சீட்டும் மாற வேண்டும். ஏற்றுவதற்கு முன் வண்டியைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்த தேதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் அதற்கே தனிச் சீட்டு உண்டு. வழியில் வேறு யாருடைய ஆட்டையும் சேர்த்து ஏற்ற விடாதீர்கள். அதோடு சான்று செல்லாததாகிவிடும்.

படி 8: சந்தேகம் வந்தால்

வாயில் புண், திடீர்ச் சாவு, கூட்டமாகக் கருச்சிதைவு என்று எதைப் பார்த்தாலும் முதலில் தகவல் சொல்லுங்கள், காகிதம் அப்புறம். அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்று பட்டியலில் இருப்பவற்றுக்கு உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும். தகவல் சொன்ன நேரம், சொன்ன ஆள் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். எதையும் விற்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசிய மாடு செத்துக் கிடந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுத்துப் பார்க்கக் கூடாது, தோலையும் உரிக்கக் கூடாது. புதைத்த அல்லது எரித்த விவரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். இழப்பீடு தரும் இடங்களில் முதலில் கேட்பது இந்தப் பக்கங்களைத்தான்.

நோட்டையும் சான்றுகளையும் கொட்டிலில் தொங்கவிடாதீர்கள். என்னுடைய இரண்டாவது தடுப்பூசி அட்டையை, அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஆடே தின்றுவிட்டது. மறு நகல் வாங்க இரண்டு முறை நடந்தேன்.