டர்போ காரில் கலவை லீன் ஆகிறதா? மேப்பைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

வீட்டிலேயே டர்போ பூட்டிய பெட்ரோல் காரில், முழு பூஸ்ட்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வைட்பேண்ட் மீட்டர், அதாவது எக்ஸாஸ்டில் உள்ள சென்சார் வழியே காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் மீட்டர், 11.5 முதல் 12-க்குள் இருந்தால் நிம்மதி. 13-ஐத் தாண்டினால் கலவை லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை; உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

மேப்பை (எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணை) மாற்ற லேப்டாப்பைத் திறக்க அவசரப்படாமல், ஃப்யூவல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) பிரஷர் கேஜ் மாட்டுங்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குக் காற்று போகும் பாதை) குழாய் போகிறது என்றால், பூஸ்ட் 1 பார் ஏறும்போது ரெயில் அழுத்தமும் 1 பார் ஏற வேண்டும். பூஸ்ட் இல்லாதபோது 3 என்றால் இப்போது 4. ஏறாமல் தொய்ந்தால் பம்ப், ஃபில்டர், அந்தக் குழாய், பம்புக்குப் போகும் வயர் (இதைத்தான் பலரும் மறப்பார்கள்) ஆகியவற்றைப் பாருங்கள். அழுத்தம் சரியென்றால் இன்ஜெக்டர் போதவில்லையா பாருங்கள்.

ஐடிலில் மட்டும் லீன் காட்டினால், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிகிறதா என்று தேடுங்கள். மிஸ்ஃபயரும் இப்படித்தான் ஏமாற்றும்: எரியாத ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்க்கிறது, எரியாத பெட்ரோலை அல்ல.