தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒரு தம்

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் கோயம்பேட்டுக்கும் லாரி ஓட்டுகிறவன் நான். 19 வருடம் சிகரெட் பிடித்தேன். கடைசியில் ஒரு நாளைக்கு 12 என்று வந்து நின்றது. நாலு தடவை விட்டேன். முதல் மூன்று தடவை ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. நாலாவது தடவை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தடவை எதை மாற்றிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

“மனசு வைத்தால் முடியாதா?” என்று கேட்பார்கள். மூன்று தடவையும் மனசு வைத்துத்தான் விட்டேன். புகையை இழுத்த 10, 20 விநாடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். அங்கே டோபமைன் என்கிற ரசாயனம் சுரந்து ஒரு நிம்மதி வரும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் பாதியாகிவிடும். அப்புறம் எரிச்சல், படபடப்பு. அடுத்ததைப் பற்ற வைத்தால் அடங்கும். நாமோ டென்ஷனுக்கு சிகரெட்தான் மருந்து என்று நினைத்துக்கொள்வோம். முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போன கடனை அடுத்தது அடைக்கிறது, அவ்வளவுதான்.

இது உடம்பின் பிடி. இடத்தின் பிடி என்று இன்னொன்று இருக்கிறது. மண்டியில் லோடு ஏறும்வரை காத்திருந்தால் ஒன்று. சாப்பிட்டதும் ஒன்று. டீ கிளாஸ் கைக்கு வந்தால் ஒன்று. சேலம் போகிற வழியில் தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, டயரையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு ஒன்று. இந்தக் கடைசி தம் எனக்கு சாமிக்குச் சூடம் காட்டுகிற மாதிரி. அது இல்லாமல் இறங்கினால் ஏதோ ஆகிவிடும் என்றே நம்பினேன்.

அதனால் விடுவதற்கு முந்தின வாரம் ஒன்றையும் குறைக்காதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள். எந்த நேரம், எந்த இடம், பக்கத்தில் யார். நான் பழைய லோடு சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். என் 12-ல் ஏழு டீக்கடை வாசலில் என்று தெரிந்தது. சரி, டீயை பிளாஸ்க்கில் வாங்கி கேபினில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தேன். டீயின் அளவையும் பாதியாக்குங்கள். புகை பிடிப்பவர் உடம்பு டீயில் இருக்கும் காஃபீனைச் சீக்கிரம் கழித்துவிடும். விட்டபிறகு அதே டீ உடம்பில் வெகுநேரம் தங்கும். தூக்கம் வராமல் கை நடுங்கினால் சிகரெட் ஏக்கம் என்று ஏமாந்துபோவோம். நான் ஒரு தடவை அப்படித்தான் ஏமாந்தேன்.

அடுத்து நிக்கோட்டின் சூயிங்கம். மருந்துக்கடையில் 2 மி.கி. கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் தம் தேவைப்படுகிறவர்களுக்கு 4 மி.கி. தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய் இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நான் முதலில் இதை பபிள்கம் மாதிரி மென்று தள்ளினேன். விக்கல், நெஞ்செரிச்சல், தூக்கி எறிந்துவிட்டேன். தப்பு என் மேல். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் ஏறி நாக்கு சுறுசுறு என்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்து டீ, காபி, ஜூஸ் கூடாது. வாய்க்குள் நிக்கோட்டின் சரியாக ஏறாது. மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள்.

முதல் மூன்று நாள்தான் மோசம். அந்த நாட்களில் நான் லோடு எடுக்கவில்லை, வீட்டிலேயே இருந்தேன். வீட்டில் சண்டையும் போட்டேன். ஏக்கம் அலை மாதிரி வந்து சில நிமிடத்தில் தணிந்துவிடும். அதுவரை வாய்க்கு ஏதாவது வேலை வேண்டும். எனக்கு வறுத்த புளியங்கொட்டை. நம் பக்கம் அதற்கா பஞ்சம்? வாயில் ஊறப்போட்டால் வெகுநேரம் ஓடும். அவசரப்பட்டுக் கடித்தால் பல் போய்விடும்.

சிகரெட்டுக்குப் பதிலாக பீடி, பாக்குப் பொட்டலம் என்று தாவாதீர்கள். பீடியிலும் அதே நிக்கோட்டின்தான். பொட்டலத்தில் வாய்ப் புற்றுநோய் காத்திருக்கிறது. கம் போதவில்லை என்றால் மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் சீட்டு வேண்டும். சிகரெட்டை விட உதவி கேட்க 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. 19 வருடம் அந்த மாதிரி பாக்கெட்டைத்தான் கையில் வைத்திருந்தேன், அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை.

ஆறாவது வாரம் ஒரு சாவு வீட்டில் யாரோ நீட்ட, ஒன்று பிடித்துவிட்டேன். பழைய ஆளாக இருந்தால் “போச்சு” என்று மறுநாளே பாக்கெட் வாங்கியிருப்பேன். இந்தத் தடவை வாங்கவில்லை. நாள் கணக்கையும் அழிக்கவில்லை, ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

தொப்பூரில் இன்னமும் வண்டியை ஓரம் கட்டுகிறேன். டயரைத் தட்டிப் பார்த்து, முகம் கழுவி, வாயில் ஒரு கொட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவேன். கிளீனர் பையன் தள்ளிப்போய்ப் பற்ற வைப்பான். அவன் முடித்துவிட்டு வரும்வரை காத்திருப்பேன்.